அதியமான்கோட்டையும் துருக்கியர் இலக்கணமும்

தருமபுரியினின்று சேலம் செல்லும் பெருவழியில், நகருக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ளது அதியமான்கோட்டை. தகடூரை ஆண்ட அதியமான் மரபின் பெயரை இன்றளவும் தாங்கி நிற்கும் ஊர் அது. அங்குள்ள சென்றாயப் பெருமாள் கோயிலின் சுவரோவியங்களைக் காண வருவோர் சிலர். காலபைரவரை வழிபட வருவோர் பலர். ஊர்ப்பெயரை ஆராய வருவோரை யாம் கண்டதில்லை. ஈண்டு யாம் எடுத்துக்கொண்டது அப்பெயரையே.

துருக்கி நாட்டின் தென்கிழக்கில் ஒரு நகரமும் அதனைத் தலைநகராகக் கொண்ட ஒரு மாகாணமும் உள. அவற்றின் பெயரை அந்நாட்டார் ‘அதுயமன்’ என ஒலிப்பர். அதிலுள்ள உகரம் நம் குற்றியலுகரம்போல இதழ் குவியாது குறுகி ஒலிக்கும். விரைந்து கேட்பார்க்கு ‘அதியமான்’ என்றே படும். 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் நேர்ந்த பெரும் பூகம்பத்தில் அந்நகர் மிக்க அழிவெய்தியபோது, அப்பெயரைச் செய்தியிற் கேட்டு ஒரு கணம் திகைத்த தருமபுரியார் சிலரேனும் இருந்திருப்பர். இன்னும் ஒரு வியப்புண்டு. 1926-ஆம் ஆண்டிற்கு முன் அந்நகர்க்கு வழங்கிய பெயர் ஹுஸ்ன்-இ-மன்சூர் என்பது. ‘மன்சூரின் கோட்டை’ என்பது அதன் பொருள். ஆகவே ஆண்டும் அதியமான், ஈண்டும் அதியமான். ஆண்டும் கோட்டை, ஈண்டும் கோட்டை!

இதனைக் கேட்ட மாத்திரத்தே நம்மவர் சிலர்க்கு நாத் துடிக்கும். நெல்லிக்கனி ஈந்த வள்ளலின் வழித்தோன்றல் எவனோ மரக்கலமேறிச் சென்று மேற்றிசையில் ஒரு நகர் கண்டான் என்று கதை கட்ட ஒரு மாலைப்பொழுது போதும்; கைப்பேசி வழியே அதனை ஊரெங்கும் பரப்ப அதனினும் குறைந்த பொழுது போதும். யாம் அக்கதையை நம்புகின்றிலம். ஆயினும் இவ்விரு பெயர்களையும் அருகருகே வைத்து நோக்குவதாற் பெரியதொரு பயன் விளையுமென்று நம்புகின்றோம். அது வரலாற்றுப் பயனன்று, இலக்கணப் பயன்.

முதற்கண் இரு பெயரையும் பகுத்துப் பார்ப்போம். பகுபதத்தை உறுப்புறுப்பாகப் பிரித்தல் நன்னூல் கற்றார்க்கு நாட்பழக்கமன்றோ? அதியமான் என்பது அதியர் மகன் என்பதன் மரூஉ. சேரமான், தொண்டைமான் என்பனவும் அவ்வாறு வந்தனவே. அசோகன் தன் பாறைக் கட்டளையிற் சோழர் பாண்டியரோடு சேர்த்துக் கூறும் ‘சதியபுத்திரர்’ இவ்வதியரே என்பது, 1981-ஆம் ஆண்டு திருக்கோவலூரையடுத்த ஜம்பையிற் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டால் உறுதிப்பட்டது. வடமொழியாளர் புத்திரன் என்றதும் நாம் மகன் என்றதும் ஒன்றே. இனி, துருக்கிப் பெயரை அந்நாட்டார் பகுக்கும் முறை வேறு. அத் என்பது பெயர். அதன்பின் நிற்கும் உகரம் ‘அதனுடைய’ எனப் பொருள்படும் விகுதி. யமன் என்பது கொடியது, வல்லது. பெயரால் அஞ்சத்தக்கது என்று பொருள் கொள்வர். இவ்விளக்கம் பிற்காலத்தார் புனைந்ததென்பாரும் உளர்; அஃதெவ்வாறாயினும் ஆகுக. நாம் ‘அதிய’ என்று நிறுத்தி ‘மான்’ என்கின்றோம். அவர் ‘அது’ என்று நிறுத்தி ‘யமன்’ என்கின்றனர். கத்தி விழும் இடமே வேறு. பகுத்த அளவில் உறவு கலைந்தது.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. உறவு கலைந்த அதே இடத்தில் வேறோர் ஒற்றுமை தலைகாட்டுகின்றது. ‘அதியமான்கோட்டைக்காரர்களுக்கும்’ என்று நாம் ஒரே மூச்சிற் கூறும் சொல்லை ஆங்கிலத்திற் கூறப் புகின், முன்னிடைச்சொல் ஒன்றும், மக்களைக் குறிக்கும் சொல் ஒன்றும், ‘கூட’ எனப் பொருள்படும் சொல் ஒன்றுமாகச் சிதறிப் போம். துருக்கியரோ தம்மூராரைப் பற்றி ‘அதுயமன்லுலர த’ என்பர். அதுயமன் ஊர்ப்பெயர், லு என்பது நம் ‘காரர்’, லர் என்பது ‘கள்’, ஈற்று அகரம் நம் நான்காம் வேற்றுமைக் ‘கு’, பின் நிற்கும் ‘த’ நம் எச்சவும்மை. உறுப்புக்கு உறுப்பு, நிற்கும் வரிசையும் பிறழாது, இரண்டு சொற்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்துகின்றன. ஓரொலியேனும் பொதுவன்று, அமைப்பு முழுதும் பொது.

யாம் கூற விரும்புவது இதுவே: துருக்கி மொழியைக் கற்கப் புகும் தமிழ் மாணாக்கன் அதன் இலக்கணத்தை ஆங்கில இலக்கணத்தின் வழியாகக் கற்பது, தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதாகும். அவன் கையில் வேற்றுமையியலும் பதவியலும் இருக்கின்றன. அவற்றைக் கொண்டே அவன் நேரே நுழையலாம். ஆங்கிலேயர்க்கென எழுதப்பட்ட துருக்கி இலக்கணங்களில், வினை ஈற்றில் வருவது ஒரு விந்தையாகவும், விகுதிமேல் விகுதி அடுக்குவது ஒரு சுமையாகவும் கூறப்படுதல் காண்கின்றோம். நமக்கு அவற்றில் விந்தை யாது? சுமை யாது?

பெயர்ச்சொல்லை நோக்குக. எவ் என்றால் வீடு. எவ்லெர் வீடுகள், எவ்லெர்தெ வீடுகளில், எவ்லெர்தென் வீடுகளினின்று. பெயர், பன்மை விகுதி, வேற்றுமையுருபு என்னும் வரிசை நம்முடையதே. இது மேலோட்டமான ஒற்றுமை என்பாராயின், ஐயுருபை எடுத்துக்கொள்க. ‘புத்தகம் வாங்கினேன்’ என்பதற்கும் ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை வேற்று நாட்டார்க்கு விளக்குதல் எளிதன்று. முன்னதில் ஏதோ ஒரு புத்தகம். பின்னதிற் பேசுவோனும் கேட்போனும் முன்னரே அறிந்த புத்தகம். துருக்கியர் முன்னதைக் ‘கித்தப் அல்தும்’ என்பர். பின்னதைக் ‘கித்தபு அல்தும்’ என்பர். கித்தப் என்பது புத்தகம். அதன்பின் வந்த உகரம் இரண்டாம் வேற்றுமையுருபு. அறிந்த பொருளாயின் உருபு விரியும். அறியாத பொருளாயின் உருபு தோன்றாது. ஆங்கில மாணாக்கன் இவ்விதியை மனப்பாடம் செய்து, பின்னும் வழுவுவான். தமிழ்ச் சிறுவனுக்கு இதனைக் கற்பிக்கவே வேண்டுவதில்லை. தன் வீட்டில் நாள்தோறும் பேசுவதை நினைவூட்டினாற் போதும்.

ஐந்தாம் வேற்றுமை இதனினும் சுவையுடையது. நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என அதன் பொருள்களை நன்னூலார் வகுத்தார். நீக்கமும் காரணமும் ஒப்புமையும் ஏன் ஓருருபின் கீழ் வந்தன என்று வகுப்பில் எம்முட் பலர் வினவியதுண்டு. எல்லாவற்றிற்கும் ஒரே ஆங்கிலச் சொல் அகப்படாமையால், பழம்புலவர் ஏதோ அடைத்துவைத்தார் என்று எண்ணியதுமுண்டு. துருக்கியின் ‘தென்’ உருபைக் கண்டபின் அவ்வெண்ணம் நில்லாது. ‘எவ்தென்’ வீட்டினின்று: இது நீங்கல். ‘கொர்குதன்’ அச்சத்தினால்: இஃது ஏது. ‘பென்தென் உஸுன்’ என்னின் நெடியன்: இது ஒப்பின்பாற்பட்ட உறழ்ச்சி. நம் இலக்கணத்தை ஒரு சிறிதும் அறியாத மக்கள் அதே மூன்று பொருளையும் ஒரே உருபால் உணர்த்துகின்றனர். பவணந்தியாரின் வகுப்பு வெறும் பட்டியன்று. மக்கள் மனம் பொருள்களை இணைக்கும் ஒரு முறையைக் கண்டு கூறியது அது. அதனை எமக்குக் காட்டித் தந்தது ஒரு துருக்கி உருபு என்பது வேடிக்கை.

எண்ணுப்பெயரின் பின் பன்மை விகுதி வாராமையும் அவ்வாறே. ‘இரண்டு வீடு’ என்று நாட்டார் கூறுவதைப் பிழையென்று திருத்துவார் உளர். பால்பகா அஃறிணைப் பெயர் என்று நம் இலக்கணம் அதற்கு இடந்தந்திருக்கின்றது. துருக்கியர் ‘இக்கி எவ்’ என்பதே மரபு. ஆண்டுப் பன்மை விகுதி சேர்ப்பதுதான் பிழை.

இனி ஒலியைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறல் வேண்டும். துருக்கி கற்பார் முதலில் இடறுவது ஈண்டே. எவ் என்பதற்குப் பன்மை எவ்லெர். ஆனால் அத் என்னும் சொல்லின் பன்மை அத்லர். யொல் என்னும் சொல்லின் பன்மை யொல்லர். அத் எனின் குதிரையுமாம், யொல் எனின் வழி. விகுதியின் உயிர், முன்னின்ற சொல்லின் உயிருக்கு ஏற்ப மாறுகின்றது. இதற்கு அவர் நூல்களில் அட்டவணைகள் உள. நன்னூலில் உயிரெழுத்துக்களின் பிறப்பைப் படித்தவர்க்கு அட்டவணை வேண்டா. அங்காப்பினாற் பிறப்பன அகர ஆகாரம். நாவிளிம்பு உற்றுப் பிறப்பன இகரமும் எகரமும் அவற்றின் இனமும். இதழ் குவியப் பிறப்பன உகரமும் ஒகரமும் அவற்றின் இனமும் என்று கற்றிருக்கின்றோம். நாவிளிம்பு உற்றுப் பிறக்கும் உயிரின் பின் ‘லெர்’. ஏனையவற்றின் பின் ‘லர்’. நம் மொழியில் இல்லாத இரண்டு உயிர்கள் துருக்கியில் உண்டு: நாவை இகர எகரங்களுக்கு ஏற்ப நிறுத்தி இதழை மட்டும் குவித்தாற் பிறப்பவை. அவற்றை ‘லெர்’ வகுப்பிற் சேர்த்துக்கொண்டால் விதி முற்றிற்று. ‘என்னுடைய’ எனப் பொருள்படும் விகுதியோ இதழ் குவிவையும் நோக்கும். எவிம் என்பது என் வீடு. யொலும் என்பது என் வழி. அத்தும் என்பது என் குதிரை. பின்னிரண்டினுள் முன்னதன் உகரம் முற்றியலுகரம் போன்றது. பின்னதன் உகரம் குற்றியலுகரம் போன்றது. பிறப்பியலைத் தேர்வுக்கு மட்டும் உருப்போட்டு மறக்கும் நம் வகுப்பினர் இதனைக் கருதுக.

தருமபுரிப் பக்கத்து மாணாக்கர்க்கு இன்னும் ஒரு வாய்ப்புண்டு. அம்மாவட்டத்திற் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதுவும் வீட்டுமொழியாக வழங்குகின்றன. தெலுங்கு பேசும் வீட்டிற் பிறந்தவன் ‘மனிஷிகி’ என்னும்போது இகரத்தின் பின் ‘கி’ என்கின்றான். ‘நாகு’ என்னும்போது ‘கு’ என்கின்றான். உருபின் உயிர் முன்னுயிர்க்கு இசையும் இத்துருக்கி வித்தையை அவன் தாய்மடியிலேயே கற்றுவிட்டான்.

உயிரும் உயிரும் எதிர்ப்படுமிடத்தில் நிகழ்வதும் நமக்குப் பழையதே. மணியோடு ஐ சேர மணியை என யகரம் உடம்படுமெய்யாக வருகின்றது. துருக்கியிற் கெமி என்பது கப்பல். அதனோடு இகரவுருபு சேரக் கெமியி என யகரமே வருகின்றது. எவி என்பது அவன் வீடு. ‘அவன் வீட்டில்’ என்னும்போது எவிதெ என ஆகாது, இடையில் ஒரு னகரம் பெற்று எவிந்தெ என ஆகும். இந்த னகரத்திற்குப் பொருளில்லை, பணி மட்டும் உண்டு. அதனை அவர் நூல்கள் எப்பெயரிட்டு அழைப்பினும், சாரியை என்றால் நாம் உடனே விளங்கிக்கொள்வோம்.

வினைச்சொல்லிலோ ஒப்புமை இன்னும் ஆழமுடையது. கெல் என்பது வா என்னும் பகுதி. கெல்திம் வந்தேன், கெல்தின் வந்தாய், கெல்திக் வந்தோம். கெல் பகுதி, தி இறந்தகால இடைநிலை, ம், ன், க் என்பன இடங்காட்டும் விகுதிகள். செய்தேன் என்பதற்கு நேரானது யப்தும். இரண்டினும் இறந்தகாலம் காட்டுவது தகரம் என்பதைக் கண்டு களிப்போர் சிறிது பொறுக்க; அதனைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம். எதிர்மறையில் ஒரு நுட்பமான வேறுபாடு உளது. வந்திலேன் என்பதில் நாம் காலத்தைக் கூறியபின் ‘இல்’ என்கின்றோம். கெல்மெதிம் என்பதில் அவர் ‘மெ’ என மறுத்தபின் காலத்தைக் கூறுகின்றனர். நாம் நிகழ்ந்ததை மறுக்கின்றோம். அவர் மறுத்ததை நிகழ்த்துகின்றனர் எனலாம் போலும்! இதனை மெய்ப்பொருளாராய்ச்சியாக யாரும் கொள்ளற்க. வரிசையை நினைவில் வைத்தற்கு ஓர் உபாயம், அவ்வளவே.

வினையெச்சமும் பெயரெச்சமும் துருக்கியின் உயிர்நாடி. ‘கெலிப் கித்தி’ வந்து போனான். இப் என்பது செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம். ‘கெலென் அதம்’ வருகின்ற மனிதன். எச்சம் பெயருக்கு முன்னே நிற்கின்றது. (அதம் என்பது வேதத்தில் நாமறிந்த ஆதாமே, அரபு வழியாகச் சென்று மனிதன் என்னும் பொதுப்பெயராயிற்று.) ‘ஒக்குதூம் கித்தப்’ நான் படித்த புத்தகம். ஆங்கிலத்தில் இவற்றுக்கெல்லாம் எவன், எது என்பன போன்ற இணைப்புச் சொற்கள் வேண்டும். தமிழிலும் துருக்கியிலும் வினையே வளைந்து பெயரைத் தழுவிக்கொள்கின்றது. வினாவும் அப்படியே: ‘கெல்தி மி’ வந்தானா. உடைமை கூற நம்மிடம் தனிவினை இல்லாமை போலவே அவரிடமும் இல்லை. ‘எவிம் வர்’ என் வீடு உண்டு, ‘எவிம் யொக்’ என் வீடு இல்லை என்பதே அவர் வழக்கு.

எமக்கு மிகவும் உவப்பளித்தது ‘மிஷ்’ என்னும் இடைநிலை. தான் கண்டதைக் கூறுவோன் ‘கெல்தி’ வந்தான் என்பான். பிறர் சொல்லக் கேட்டவனோ ‘கெல்மிஷ்’ என்பான். இதற்கு நிகராக ஆங்கில நூல்கள் நீண்ட வாக்கியங்களை எழுதுகின்றன. தமிழில் ஒரு சொல் போதும்: வந்தானாம். நம் ‘ஆம்’ எவ்வளவு பெரிய செல்வம் என்று எண்ணிப் பாருங்கள்! செய்திக்குப் பொறுப்பேற்காது செய்தியைக் கைமாற்றும் வழி அது. திண்ணைகளிலும் தேநீர்க்கடைகளிலும் அதன்றி வாழ்வில்லை. ஆயினும் மிஷ் என்பதன் ஆட்சி இன்னும் சிறிது அகன்றது. காலையில் எழுந்து தெரு நனைந்திருக்கக் கண்டவனும் அவ்விடைநிலையாலேயே பேசுவான். நாம் அவ்விடத்து ‘மழை பெய்திருக்கின்றது’ என்போம். நேரிற் காணாமை இரண்டிற்கும் பொது. மேலும், புத்தகம் கித்தகம் என்று நாம் எள்ளி அடுக்குவதை அவர் ‘கித்தப் மித்தப்’ என்று அடுக்குகின்றனர். இதற்கு நன்னூலில் விதி தேடற்க, அடுப்பங்கரையில் தேடுக.

நம் இலக்கணம் எல்லாப் பூட்டையும் திறக்குமென்று யாம் கூறவில்லை. திணையும் பாலும் துருக்கியில் இல்லை. ‘ஒ’ என்னும் ஒரே சொல் அவன், அவள், அது ஆகிய மூன்றையும் சுட்டும். ‘கெல்தி’ என்றால் வந்தான், வந்தாள், வந்தது. உயர்திணை அஃறிணை என்று தொடங்கும் சொல்லிலக்கணத்திற் பழகிய நமக்கு இது தரையில்லாத வீடுபோலத் தோன்றும். உடைமை விகுதியும் அத்தகையதே. எந்தை, நுந்தை, தந்தை என்பனபோன்ற சில முறைப்பெயர்களில் மட்டும் நாம் உடையவனைச் சொல்லோடு பிணைக்கின்றோம்; அதுவும் சொல்லின் முன்னே. துருக்கியர் எல்லாப் பெயரிலும் பின்னே பிணைப்பர். ‘அகமதின் வீடு’ என்பதற்கு அவர் கூறுவது ‘அகமதின் வீடு-அவனுடையது’ என்னும் அமைப்புடையது. நமக்கு அது கூறியது கூறல். அவர்க்கு அது இலக்கணம். இத்தகைய இடங்களில் நன்னூலை இழுத்துப் பொருத்த முயலாமையே நன்னூலுக்கு நாம் செய்யும் மரியாதை.

இவ்வாறு பொருந்தாத அச்சில் வார்த்த கதை நம் மொழிக்கே நேர்ந்ததன்றோ? தரங்கம்பாடியில் வாழ்ந்த சீகன்பால்கு ஐயர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. இலத்தீன் மொழியில், இலத்தீன் இலக்கணத்தின் சட்டகத்தில் அவர் அதனை அமைத்தார். தம் நாட்டவர் விரைந்து கற்க அஃது உதவிற்று. தமிழின் இயல்பு அதனுள் முழுதும் அடங்கவில்லை. வீரமாமுனிவர் இரண்டு வழியும் அறிந்தவர். ஐரோப்பியர்க்காக இலத்தீனில் எழுதியவரே தமிழர்க்காகத் தொன்னூல் விளக்கம் என ஐந்திலக்கணமும் தமிழ்மரபில் யாத்தார். கற்போன் யாவனோ அவன் அறிந்த இலக்கணத்தினின்று தொடங்கவேண்டுமென்பதை அவர் செயலே காட்டுகின்றது. அம்முறை அவர்க்குத் தகுமாயின், துருக்கி கற்கும் நமக்கும் தகும்.

கால்டுவெல் ஐயரின் பெயர் ஈண்டு வாராதிருக்க இயலாது. 1856-ஆம் ஆண்டு வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளுக்குச் சித்திய மொழிகளோடு உறவுண்டென்று அவர் வாதித்தார். துருக்கியும் அவர் கூறிய அத்தொகுதியுள் அடங்கும். தென்னாட்டு மொழிகள் தம்முள் ஒரு குடும்பமென்று அவர் நாட்டியது இன்றும் அசையாது நிற்கின்றது. சித்திய உறவோ இக்கால மொழிநூலாரால் நிறுவப்பட்டதாகக் கொள்ளப்படவில்லை. அமைப்பொற்றுமை வேறு, பிறப்புறவு வேறு. விகுதி அடுக்கும் மொழிகள் உலகில் எத்துணையோ உள. அங்கேரி நாட்டார் மொழியும் அவற்றுள் ஒன்று. ஒரே ஆற்றைக் கடக்க இரு ஊரார் தனித்தனியே பரிசல் கட்டினர் என்றால், ஊரார் உடன்பிறந்தார் ஆகார். முன்னர்க் கூறிய தகர இடைநிலையும் இவ்வகையதே. ஓரொலியைக் கொண்டு உறவு கூறத் தொடங்கினால், துருக்கியில் அன்னையை ‘அன்னெ’ என்பதைக் கண்டவுடன் குலமுறை எழுதவேண்டிவரும். குழவி வாயில் முதலில் எழும் ஒலிகளைத் தாய்க்கும் தந்தைக்கும் பெயராக்குதல் எந்நாட்டினும் காணப்படுவது. அஃதன்றி, ‘ஒன்’ என்றால் அவர்க்குப் பத்து. கடைத்தெருவில் அதனை ஒன்றென்று கொண்ட தமிழன் பணப்பையை இழப்பான்.

உண்மையாகவே பொதுவான சொற்கள் சில உள; அவை இருவர்க்கும் இரவல். நம் தாவா அவர்க்குத் ‘தவா’, வக்கீல் அவர்க்கு ‘வெக்கில்’, ஜவாபு ‘ஜெவப்’, மைதானம் ‘மெய்தன்’. அரபியினின்றும் பாரசீகத்தினின்றும் மேற்கே அவரிடம் சென்றவையே தெற்கே நம் கச்சேரிகளிலும் வந்து புகுந்தன. அதியமான்கோட்டையை உள்ளிட்ட பாராமகால் 1792-ஆம் ஆண்டு கும்பினியார் கைப்படும்வரை மைசூர் அரசின்கீழ் இருந்தது. அவ்வரசன் திப்பு சுல்தான் 1786-ஆம் ஆண்டு துருக்கிச் சுல்தானிடம் தூது விடுத்தவன். அத்தூதுவர் ஆங்குச் சென்று கேட்ட அரசாங்கச் சொற்களிற் பல அவர்தம் செவிக்குப் பழகியனவாகவே இருந்திருக்கும். நம் துப்பாக்கி துருக்கியர் வழங்கிய சொல்லினின்று வந்ததென்பர் அகராதியார். உருது என்னும் பெயரே படைவீட்டைக் குறிக்கும் துருக்கிச் சொல்.

இவ்விரவலைத் திருப்பிக் கொடுக்கும் முயற்சியும் இரு நாட்டிலும் நிகழ்ந்தது. மறைமலையடிகள் 1916-ஆம் ஆண்டு தனித்தமிழ் இயக்கம் தொடங்கினார். துருக்கியர் 1928-ஆம் ஆண்டு அரபு எழுத்தை விடுத்து இலத்தீன் எழுத்தை மேற்கொண்டனர். 1932-ஆம் ஆண்டு மொழிக்கழகம் ஒன்று நிறுவி அயற்சொற் களையத் தலைப்பட்டனர். அமைச்சரைக் குறித்த ‘வெக்கில்’ போய்ப் ‘பக்கன்’ வந்தது. பக் என்பது நோக்கு. அன் என்பது முன்னர்க் கண்ட எச்ச விகுதி. நோக்குவோன் என்பது பொருள். வினையாலணையும் பெயர் என்னும் ஒரு சொல்லை அறிந்தவன் இத்தகைய நூறு சொற்களைத் தானே பிரித்துணர்வான்.

துருக்கி கற்று யாது செய்வது என்று வினவுவார்க்கு யாம் பெரிய விடையொன்றும் வைத்திலேம். கற்பார் கற்கட்டும், அந்நாட்டு நாடகத் தொடர்களைக் கைப்பேசியிற் கண்டு அம்மொழியின்மேல் ஆவல் கொண்டவர் நம் விடுதியிலேயே உளர். எம் கவலை வேறு. தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் சேர்ந்தாரை நோக்கி, உங்கள் இலக்கணம் தமிழ்நாட்டு எல்லை தாண்டினாற் செல்லாக் காசு என்று நகையாடுவோர் பலர். அவர்க்கு நாம் இதுவரை கூறிவந்த மறுமொழி பெருமிதப் பேச்சு. மொழியின் தொன்மை, நூலின் பழமை என்பன. அது யாரையும் வாயடைக்கவில்லை. ஒரு துருக்கி வாக்கியத்தை எடுத்து, பகுதி இது, இடைநிலை இது, சாரியை இது என்று நம் சொல்லாலேயே பிரித்துக் காட்டுவது மேலான மறுமொழி. அதற்கு நம் சொற்களாலேயே எழுதப்பட்ட துருக்கி இலக்கணம், ஐம்பது பக்கமேனும், வேண்டும். நம் மாணாக்கர் பலர்க்கு இன்று சாரியை என்பதே அயற்சொல்லாகிவிட்டது என்பது யாமறிந்ததே; ஆங்கில வழியிற் பள்ளிக் கல்வி கற்றோர் அதனை மீளக் கற்க இதுவும் ஒரு வாயிலாகும். வெற்றுப் பாடமாக வந்தபோது கசந்தது, வேற்றுமொழிக்குத் திறவுகோலாக வரும்போது கசக்காது.

அத்தகைய நூலை யாம் சிறிது எழுதிப் பார்த்தோம். பெரும்பான்மைக்கு நம் பழஞ்சொல்லே போதுமானதாயிற்று. மூன்றிடத்தில் நின்றுவிட்டோம். விகுதியின் உயிர் முன்னுயிர்க்கு ஏற்ப மாறுவதை ‘உயிரிசைவு’ என்று குறித்துவைத்துள்ளோம். எவிம், எவி என்பவற்றின் ஈறுகளை ‘உடைமை விகுதி’ என்றோம்; ஆயினும் அதன்பின்னும் உருபு வருதலின் அதனை விகுதியென்றல் தகுமோ என்று ஐயுறுகின்றோம். மிஷ் என்பதற்கோ ‘காணாக் காலம்’ என்று ஒரு நண்பர் கூறினார். அது காலமன்று என்பது எம் கருத்து. ‘கேள்வியிடைநிலை’ என்றால் வினாவென்று மயங்குவர். ஆசிரியப் பெருமக்களுள்ளும் பழைய மாணவருள்ளும் இதற்கு நல்லதொரு சொல் தோன்றப் பெற்றவர் இப்பத்திரிகைக்கு எழுதியனுப்பினால், அடுத்த ஆண்டு மலருக்குள் ‘எவ்’ என்னும் பெயரின் வேற்றுமை முழுவதையும் ‘கெல்’ என்னும் வினையின் முற்று எச்சங்களையும் அட்டவணையாக்கித் தருவோம்.